வரிசை தப்பிய முகவரி

ப்ஷெரோவ், பிப்ரவரி 9

அன்புள்ள ஹெத்விகா அக்காவுக்கு,

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இங்கே நானும் பூனையும் சுகம். எனக்கு ஒரு கடைவாய்ப் பல் மட்டும் படுத்துகிறது. போன ஞாயிறு வ்செத்தீனில் அப்பா அம்மாவிடம் போயிருந்தேன். அப்பாவின் முழங்கால் இரண்டும் குளிரில் அவரைப் படியேற விடவில்லை. நாற்பது வருஷம் மண்டி போட்டு டைல்ஸ் ஒட்டியதற்கு இப்போது பழி வாங்குகின்றன என்கிறார். அம்மா, தபாலாபீஸை விட்டு ஓய்வு பெற்ற பிறகும், மென்பொருள் எழுதுகிற நீங்கள் எல்லாரும் கடிதம் போட்டு வாதாடுகிற அந்த மின்னஞ்சல் பட்டியலைத் தினமும் கணினியில் படிக்கிறாள். நீ யாரை என்ன திட்டினாய் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இது பாதி வேலை, பாதி வீட்டுப் பேச்சு. அதனால் தபாலில் எழுதுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் உலகமே படிக்கிற அந்தப் பட்டியலில் நாம் நாற்பத்து மூன்று கடிதம் போட்டுச் சண்டை பிடித்தோம். அதை அம்மா அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் போட்டது ஞாபகம் இருக்கிறதல்லவா? போனில் பேசினாலோ நாலாவது நிமிஷம் சண்டை. காகிதம்தான் நமக்குச் சரி.

விஷயம் இது. எங்கள் நதி அலுவலகத்தின் பழைய கட்டடத்துக்கு ஜூன் 30-ஆம் தேதி மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள். அங்கே ஓடுகிற நாற்பது மெய்நிகர் இயந்திரங்களையும் புதுக் கட்டடத்துக் கணினிகளுக்கு மாற்ற வேண்டும். அம்மா இது என்ன சங்கதி என்று கேட்டாள். "ஒரே பெரிய வீட்டுக்குள்ள நாப்பது குடித்தனம்மா, ஒவ்வொருத்தரும் தனி வீட்ல இருக்கறதா நெனச்சிக்கிட்டிருக்காங்க" என்றேன். முப்பத்தொன்பது குடித்தனம் சாமான் அசையாமல் மாறிவிட்டன. நாற்பதாவது மட்டும் வாசலிலேயே நிற்கிறது. அதுதான் பெச்வா ஆற்றின் வெள்ளத்தைக் கணிக்கிற இயந்திரம். புதுக் கணினி ஒரே வரியில் மறுக்கிறது: நினைவகத்தின் முகவரி வரிசையில் இல்லை.

அந்த வரியை எழுதியது நீ. இந்த இயந்திரங்களை ஓட்டுகிற உங்கள் மென்பொருளில் போன வருஷம் நீ சேர்த்த சோதனை. அதைக் கொஞ்சம் தளர்த்த முடியுமா?

பல் வலியோடு,
உன் தம்பி ரதோவன்


ப்ர்னோ, பிப்ரவரி 16

தம்பி ரதோவனுக்கு,

இடுப்பு பரவாயில்லை, நீச்சல் போகிறேன். பல்லைப் பிடுங்கிப் போடு. பல் விஷயத்தில் நீ சின்ன வயசிலிருந்தே கோழை.

தளர்த்த முடியாது. அந்தச் சோதனை ஒரு வருஷத்தில் பதினோரு பேரின் தப்பைப் பிடித்திருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன், அம்மா கையில் சிக்கினால் அவளுக்கும் புரியட்டும். நினைவகத்தைப் புதுக் கணினிகள் இரண்டு மெகாபைட் பலகைகளாகப் பார்க்கின்றன. புதிதாகச் சேர்க்கிற நினைவகம் ஒரு பலகையின் விளிம்பில் ஆரம்பிக்க வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் அப்பா பாதி டைல்ஸ் மேல் அடுத்த டைல்ஸை ஏற்றி ஒட்டின மாதிரி. அன்றைக்கு நிற்கும். அப்புறம் ஒரு நாள் மேலே கால் வைத்தால் டப்பென்று உடையும்.

ஆகவே கேள்வி என் சோதனையைப் பற்றியதே அல்ல. யார் அந்த நினைவகத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது? அந்த ஆளை நான் என் சமையலறை அலமாரியில் கப்பு அடுக்கக்கூட விடமாட்டேன். முழு முகவரியையும் எழுது, பார்க்கிறேன். இயந்திரத்தை ஒரு தடவை நிறுத்தி, நினைவகத்தைச் சரியான இடத்தில் வைத்து, மறுபடி ஓட விடு. பத்து நிமிஷ வேலை.

அப்பாவுக்கு முழங்காலுக்குத் தடவ குதிரைத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அதைத் தேய்க்காமல் பழங்கதை பேசிக்கொண்டிருப்பார். நீ போகும்போது பார்.

கன்னத்தில் கிள்ளலுடன்,
ஹெத்விகா


ப்ஷெரோவ், மார்ச் 2

அன்புள்ள அக்கா,

பதில் தாமதம், மன்னி. பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. நான் கத்தவில்லை, டாக்டர் சாட்சி. அப்பா தைலத்தை நாய்க்கு ஒரு காலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, அது ஓடியதைக் கண்டு தானும் போட்டுக்கொள்கிறார்.

பத்து நிமிஷ வேலை இல்லை, அக்கா. இந்த இயந்திரம் மூன்றரை வருஷமாக ஒரு நொடிகூட நின்றதில்லை. மலையில் எவ்வளவு பனி கிடக்கிறது, மண் எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது என்பதையெல்லாம் நாளுக்கு நாள் சேர்த்துச் சேர்த்துத் தன் நினைவில்தான் வைத்திருக்கிறது. அந்த நினைவு ஒரு ஃபைலாக வெளியே வராது, அப்படி எழுதிய ஆள் வேறு தேசத்துக்குப் போய்விட்டார். நிறுத்தினால் மறுபடி அதற்கு நாற்பது நாள் ஆற்றின் அளவுகளைக் காட்டிப் பழக்க வேண்டும். அந்த நாற்பது நாளில் பெருமழை வந்தால், கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் ஆற்றை ஜன்னல் வழியே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட ஓடத்தான் மாற்றியாக வேண்டும். ஓட ஓட மாற்றினால் கதவு எண்ணை மாற்ற முடியாது, அது உனக்கே தெரியும்.

நினைவகத்தை அங்கே வைத்தது யார் என்று கேட்டாய். மூன்றரை வருஷத்துக்கு முன்னால், அந்தச் செப்டம்பர் மழையில், இயந்திரம் நினைவகம் போதாமல் திணறியபோது கூடுதலாக ஒன்றைச் சொருகினோம். தட்டச்சு செய்தது நான். வரிசையிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் இயக்குநர் ஹோலுபெக் தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து "என்னப்பா, பெச்வா ஆறு வீடு மாறியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

உன் அலமாரிக் கப்புகளைத் தொடமாட்டேன்,
ரதோவன்


ப்ர்னோ, மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம், நீயும் பல் போன இடத்தில் நாக்கை விடாமல் சுகமாக இரு.

'கொஞ்சம் விலகி' என்பது என் துறையில் ஒரு அளவே இல்லை. முழு முகவரியை எழுது. நீதான் வைத்தாய் என்றால் கப்பு விஷயத்தைக் கொஞ்சம் தணித்துச் சொல்லியிருப்பேன், ஆனால் சொல்லியாயிற்று. மழையில் அவசரத்தில் செய்தாய், சரி. அதற்காக நான் எல்லாருக்கும் கதவைத் திறந்து வைக்க முடியாது.

உனக்கு ஒரு நல்ல சேதி. எங்கள் மென்பொருளில் நினைவகச் சாதனங்களின் பகுதியை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஐனோ, ஃபின்லாந்துக் கிழவர், ஜூனில் ஓய்வு பெறுகிறார். என்னிடம் ஒப்படைக்கலாமா என்று பட்டியலில் கேட்டிருக்கிறார். யாரும் மறுக்கவில்லை. மறுக்கவும் மாட்டார்கள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, தெரியுமே: ஒரு பிழையைச் சரிசெய்தால், அது யாருடைய எந்த மாற்றத்தால் வந்தது என்று கீழே 'திருத்தப்படுவது' என்று ஒரு வரி போட வேண்டும். பதினாலு வருஷத்தில் என் பெயருக்கு நேரே அந்த வரி ஒன்றுகூட இல்லை. ஐனோவுக்கே முப்பத்தெட்டு இருக்கிறது, நான் எண்ணிப் பார்த்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

உன் பிரச்சினையைப் பட்டியலில் முறைப்படி அறிவித்துவிடு. முகவரியோடு. தம்பி என்று சலுகை காட்டினேன் என்று பேர் வரக்கூடாது.

உன் அக்கா,
வருங்காலப் பொறுப்பாளர் ஹெத்விகா


ப்ஷெரோவ், ஏப்ரல் 14

அன்புள்ள வருங்காலப் பொறுப்பாளருக்கு,

நலமா? எனக்கு இருமல். பனி உருகத் தொடங்கி ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, அதனால் ஒரு மாதமாகப் பேனாவைத் தொடவில்லை. ஈஸ்டருக்கும் வர முடியாது. ஈஸ்டர் திங்கட்கிழமை வழக்கப்படி உன்னை வில்லோக் குச்சியால் அடிக்க அப்பாவை ஏற்பாடு செய்துகொள், அடி வாங்காத பெண் காய்ந்துபோவாள் என்பார்களே, இந்த வருஷம் காய்ந்துபோய்விடாதே.

நீ சொன்னபடி பட்டியலில் அறிவித்துவிட்டேன். அவசரத்தில் நான் செய்த தப்பு என்றும் எழுதிவிட்டேன். ஐனோவிடமிருந்து பகுதி உன் கைக்கு வருவது எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லி, அவருக்குப் புரியாமல், இருவரும் ஆளுக்கொரு கோப்பை ஸ்லிவோவித்ஸெ பிளம் சாராயம் குடித்தார்களாம்.

ரதோவன்


ப்ர்னோ, ஏப்ரல் 23

ரதோவன்,

இருமலுக்கு வெங்காயச் சாறும் தேனும். அப்பா முழங்காலைக் காரணம் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னை அடித்தார், நான்தான் அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதாயிற்று. அடித்ததற்கு வழக்கமான ஈஸ்டர் முட்டையும் கொடுத்தேன். இந்த வருஷம் காயமாட்டேன்.

உன் அறிவிப்பைப் படித்தேன். பதிலையும் நீ படித்திருப்பாய்: பயனர் தவறு, சோதனை சரியாக வேலை செய்கிறது, முடிந்தது. கொஞ்சம் கடுமைதான். தம்பி என்பதால் கடுமையாக இருக்க வேண்டியிருந்தது. ஐனோ மட்டும் கீழே ஒரு கேள்வி போட்டார். "இந்தச் சோதனை வருவதற்கு முன்பே, பழைய மாதிரியில் தொடங்கிய இயந்திரம் இதைச் சந்தித்தால் என்ன ஆகும்? நேற்று ஓடியது நாளையும் ஓட வேண்டும் என்பது நம் வாக்கு அல்லவா?" என்று. தப்பான முகவரிக்கு வாக்கு எதற்கு என்று எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நீ அறிவிப்பிலும் முழு முகவரியைப் போடவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன். இத்தனை ஒழுங்கான ஆள் நீ, காலுறைகூட நிறவாரியாக அடுக்குகிறவன். இதை வ்செத்தீனில் அம்மாவிடம் சொன்னேன். அவள் பேரிக்காய் ஃப்ர்கால் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "ரதோவன் பொய் சொல்ல மாட்டான்டி. பாதி சொல்லுவான்."

மீதிப் பாதியை அனுப்பு.

ஹெத்விகா


ப்ஷெரோவ், மே 3

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது, வெங்காய வாசனை போகவில்லை. நீயும் அத்தானும் சுகம்தானே?

இயந்திரத்தை நிறுத்துவதற்கு ஹோலுபெக் மேலிடத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். வேறு வழி பிறக்காவிட்டால் ஜூன் 20-ஆம் தேதி காலை இயந்திரத்தை நிறுத்துகிறோம். ஜூலை முடியும்வரை இடிமழைக் காலம். ஆற்றின் கீழே இருக்கிற மூன்று ஊர்த் தலைவர்களுக்கும் கடிதம் போய்விட்டது. அதில் ஒருவர் போன் செய்து, "நாப்பது நாளைக்கு நாங்க வானத்தப் பாத்துக்கிட்டே நிக்கணுமா, தம்பி?" என்று கேட்டார். மனசு கனத்துக் கிடக்கிறது, அதை மறைத்து என்ன பயன்.

நீ கேட்ட முகவரி: முன்பகுதி எல்லாம் ஒழுங்கு. கடைசி ஐந்து இலக்கம் 10000.

அம்மாவின் ஃப்ர்கால் ஒரு துண்டு எனக்கும் வந்து சேர்ந்தது. தபால்காரர் ஓரத்தைக் கடித்திருப்பாரோ என்று சந்தேகம்.

ரதோவன்


ப்ஷெரோவ், மே 22

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. பட்டியலிலும் உன் பேரைக் காணோம். அம்மா போன் செய்தால் நீ எடுக்கவில்லையாம், அத்தான் எடுத்து "ஏதோ பழசக் கிண்டிக்கிட்டிருக்கா, அத்தை" என்றாராம். அந்த முகவரியை அனுப்பியிருக்கக் கூடாதோ என்று தோன்றுகிறது.

இருபதாம் தேதிக்கான வேலைகளைத் தொடங்கிவிட்டேன். அதைப் பற்றி நீ கவலைப்படாதே. ஒரு வரி எழுதினால் போதும்.

உன் தம்பி,
ரதோவன்


ப்ர்னோ, மே 27

என் அருமைத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இடுப்பு மட்டும் வலிக்கிறது, மூன்று வாரம் நாற்காலியை விட்டு எழாததால்.

வரிசையில் இருந்தால் கடைசி ஐந்து இலக்கமும் பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். உன் முகவரியில் ஒரு ஒன்று நிற்கிறது. கணினி பதினாறு பதினாறாக எண்ணுவதால் அதன் மதிப்பு அறுபத்து நாலு கிலோபைட். பலகை விளிம்பைத் தாண்டி, இம்மியும் பிசகாமல் அறுபத்து நாலு. அவசரத்தில் கை தவறினால் இப்படி வராது, ரதோவன். கை தவறினால் கோணல்மாணலாக வரும். இது யாரோ வேண்டுமென்றே விட்ட இடைவெளி. உன் கடிதத்தைப் பிரித்த அரை நிமிஷத்தில் எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது.

அப்பா முதல் டைல்ஸை ஒட்டும்போது சுவருக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விட ஒரு ஐந்து கொருனா நாணயத்தைச் செருகுவார், பார்த்திருக்கிறாய். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நினைவகத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு நினைவகம் முடிகிற இடத்துக்கும் அடுத்தது தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் அறுபத்து நாலு கிலோபைட் விட்டுவைப்பேன். முதலாவது வழிந்தால் அந்த இடைவெளியில் விழுந்து மாட்டிக்கொள்ளும். என் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட்டேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. உலகத்தில் இந்தப் பைத்தியம் ஒருத்திக்குத்தான் உண்டு.

இருந்தும் மூன்று வாரம் அது நான் இல்லை என்று நிரூபிக்கப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அந்தக் காலத்து என் குறிப்பேடு, சோதனைக் கோப்பு எல்லாவற்றையும் துழாவினேன். திறந்த இடமெல்லாம் அந்த ஒன்று நின்றது. பிறகு அந்த மழைநாளும் ஞாபகத்துக்கு வந்தது. நான் வ்செத்தீனில் பிளம் ஜாம் கிளறிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கரண்டி, தோளில் போன். நீ கேட்டாய்: "அக்கா, எங்க வைக்கட்டும்? சீக்கிரம் சொல்லு, அது சாகப்போவுது." நான் அடுப்பைவிட்டு நகராமலே எண்ணைச் சொன்னேன். நீ இன்னொரு தடவை கேட்டாய். "எழுதிக்கிட்டியா? அப்படியே போடு, யோசிக்காத" என்றேன். நீ யோசிக்காமல் போட்டாய். அடுத்த வருஷமே இந்த வழக்கத்தை நான் விட்டுவிட்டேன், புதுக் கணினிகளுக்கு ஒத்துவராது என்று தெரிந்ததும். விட்டதை உனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அப்புறம் உன்னைக் கப்பு அடுக்கத் தகாதவன் என்றேன். உலகமே படிக்கும் இடத்தில் 'பயனர் தவறு' என்று முத்திரை குத்தினேன்.

ஐனோவின் கேள்விதான் சரி. தப்பு இரண்டு. முகவரி ஒன்று. அதைவிடப் பெரியது, பழைய மாதிரிகளை விட்டுவிட்டுச் சோதனை போட வேண்டும் என்ற வாக்கை நான் மறந்தது. இன்று காலை பட்டியலுக்கு அனுப்பியதை இங்கே எழுதுகிறேன், அம்மா படித்து உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நீ என் கையெழுத்தில் படிக்க வேண்டும்:

'பழைய மாதிரியில் தொடங்கிய இயந்திரங்களை முகவரி வரிசையில் இல்லாவிட்டாலும் மறுக்க வேண்டாம், எச்சரித்துவிட்டு ஓட விடவும். வேகம் சற்றுக் குறையும், ஓடும். புது மாதிரிகளுக்குச் சோதனை இப்போதுள்ளபடியே. முன்பு இதைப் பயனர் தவறு என்று எழுதினேன். அது பொய்யாகிவிட்டது. அந்த முகவரியைத் தொலைபேசியில் சொன்னது நான். பயனர் நான் சொன்னதைத்தான் செய்தார். திருத்தப்படுவது: ஹெத்விகாவின் சென்ற வருட மாற்றம். அறிவித்தவர்: ரதோவன்.'

பதினாலு வருஷத்தில் முதல் வரி. திருத்தத்தை உங்களிடம் இருக்கும் பதிப்புக்கு ஏற்றபடி தனியாகவும் செய்து அனுப்பியிருக்கிறேன். முதலில் ஒரு வெற்று இயந்திரத்தில் ஓட்டிப் பார். சரியாக வரும். இந்தத் தடவை இரண்டு கையும் மேஜைமேல் வைத்து எழுதினேன்.

ஏன்டா சொல்லவில்லை? மூன்று தடவை கேட்டேனே.

உன் அக்கா,
ஹெத்விகா


ப்ஷெரோவ், ஜூன் 17

அன்புள்ள அக்கா,

உன் இடுப்பு இப்போது வளைகிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை, பல்லைக்கூட நினைப்பதில்லை.

ஆறு வீடு மாறிவிட்டது. நேற்று காலை பத்தேகால் மணிக்கு. அதற்கு முன் வெற்று இயந்திரத்தில் பத்தொன்பது தடவை ஓட்டிப் பார்த்தேன், நீ ஒரு தடவை போதும் என்பாய். ஹோலுபெக் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார், மூச்சு என் கழுத்தில் பட்டது. எச்சரிக்கை ஒரு வரி வந்தது. அப்புறம் அது கிளம்பி, முக்கால் நொடி நின்று, புதுக் கட்டடத்தில் கண் விழித்தது. நீர்மட்டக் கோட்டை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பத்தேகாலில் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார், தேடினாலும் கிடைக்காது. ஹோலுபெக் நேரே கடைக்குப் போய், எல்லாருக்கும் கொலாச் இனிப்பு பன் வாங்கி வந்தார். அந்த மனுஷனிடமிருந்து அது பெரிய பேச்சு. ஊர்த் தலைவருக்கு நானே போன் செய்து, இனி வானத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன்.

பட்டியலில் உன் திருத்தத்துக்குக் கீழே 'சோதித்தவர்: ரதோவன்' என்று போட்டுவிட்டேன். ஐனோ எழுதியதையும் படித்தேன். தப்பே செய்யாத ஆளிடம் ஒப்படைக்கக் கொஞ்சம் தயங்கிக்கொண்டிருந்ததாகவும், இப்போது நிம்மதியாக மீன் பிடிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறார். அம்மா அதை அச்செடுத்துவிட்டாள். அந்தப் பழைய நாற்பத்து மூன்று கடிதத்தோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறாள்.

உன் நாணயக் கதையை அவள் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாளாம். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, தைலம் தேய்ப்பதை நிறுத்திச் சொன்னார்: "நாணயத்த வைக்கறது சரி. ஒட்டி முடிச்சதும் எடுத்துப் பையில போட்டுக்கணும்ல? அத எவ பாத்தா?" உனக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு ஐந்து கொருனா கொடுத்தார். இந்த உறையின் மூலையில் ஒட்டியிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். முதலில் உன் பகுதி ஒப்படைப்பு கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன், அது உண்மை. ஆனால் அது பாதிதான், அம்மா சொன்ன மாதிரி. மீதி இது.

அந்த மழைநாளில் நான் ஏழு பேருக்குப் போன் செய்தேன். எடுத்தது நீ ஒருத்தி. நீ எண்ணைச் சொன்ன நாலு நிமிஷத்தில் இயந்திரம் மூச்சு விட்டு, வெள்ளத்தின் உச்சி எப்போது வரும் என்று கோடு போட்டது. ஐந்து மணி நேரம் இருந்தது. ஆற்றோரத்து முதியோர் இல்லத்திலிருந்து அறுபத்திரண்டு பேரைப் பேருந்துகளில் ஏற்றினோம். நானும் போய்ச் சக்கர நாற்காலி தள்ளினேன். சாயங்காலம் தண்ணீர் அங்கே ஜன்னல் கட்டையைத் தொட்டது.

நீ மூன்று தடவையும் 'யாருடைய தப்பு' என்றே கேட்டாய், அக்கா. அந்த முகவரியைத் 'தப்பு' என்ற பெயரில் உனக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

செப்டம்பரில் பிளம் கிளற வருகிறேன். போனை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ கரண்டியைப் பார்.

உன் தம்பி,
ரதோவன்